கேன்டீன் அக்காவின் மலை

சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்று பல வருடங்கள் என்னிடம் இருந்தது. கோடு போட்ட முழுத்தாள். நீல மையில் என் கையெழுத்து. மேலிருந்து இருபத்துச் சொச்சம் பெயர்கள் ஒழுங்காக இறங்கி வந்து, கடைசிப் பெயரில் மட்டும் குழம்பிப் போயிருக்கும். எழுதி, அடித்து, பக்கத்தில் மறுபடி எழுதி, அதையும் அடித்து, இடமில்லாமல் மார்ஜினில் மூன்றாவது முறையாக எழுதியிருப்பேன். எழுதியதும் அடித்ததும் நான். தடுமாறியவர் எங்கள் கேன்டீன் அக்கா.

அது எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரும் வழியில் அப்போது இருந்த தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் நெல்வயலும் ஏரியும் பனைமரமும்தான். ரப்பர் வாஷர் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு டைம் ஆபீஸில் வேலை. கார்டு பஞ்ச் செய்வதைப் பார்ப்பது, ஷிப்ட் மாறும்போது சைரன் சுவிட்சைப் போடுவது, ஓவர்டைம் செய்தவர்களின் மணிக்கணக்கை எழுதுவது. எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்பும் முடித்துவிட்டு சேரப்பணஞ்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் ஊரில் அந்த வயதில் கல்யாணமாகாமல் இருந்த பெண் நான் ஒருத்திதான்.

அலுவலகப் பகுதியிலும் நான் ஒருத்திதான் பெண். சேர்ந்த முதல் நாள் மதியம் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். கேன்டீன் அக்கா சமையல்கட்டிலிருந்து வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல் தூக்கைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அரிசி மூட்டைகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். அதற்கப்புறம் ஏழு வருடம் நான் அந்த ஸ்டூலில்தான் சாப்பிட்டேன். வயிறு வலிக்கிற நாட்களில் நான் சொல்லாமலே சுக்குக் கஷாயம் வந்துவிடும். டீ நேரத்தைக் குறைக்கப் பார்த்த சூப்பர்வைசரை லைன் முழுக்கப் பார்க்கும்படி கரண்டியோடு போய்க் கேள்வி கேட்டவர் அவர். ஆனால் தன்னைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். வாலாஜாபாத்தில் வீடு, லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா வீடு எது என்று யாராவது கேட்டால், "இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவார்.

வருடத்துக்கு ஒரு முறை தொழிலாளர்கள் சேர்ந்து சுற்றுலா போவது வழக்கம். திருப்பதி, மாமல்லபுரம், ஒரு தடவை ஏற்காடு. அந்த வருடம் டைம் ஆபீஸுக்கு வந்த செய்தித்தாளில் ஒரு மலைச்சரிவின் படம் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி பூத்து, மூணாறுக்கு மேலே தேசியப் பூங்காவில் மலையே நீலமாகிவிட்டது என்று போட்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம், நீலத்தை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். நான் அதை நினைத்துக்கொண்டே இரண்டு நாள் இருந்தேன். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் ஏரிக்கரைதான். கூட்டத்தில் துணிந்து சொன்னேன். படகு விட முடியாத ஊருக்கு யார் போவது என்று மெஷின் ஷாப்காரர்கள் முதலில் சிரித்தார்கள். போகிற வழியில் அணை இருக்கிறது, குளிக்கலாம் என்று யாரோ சொன்னதும் தீர்மானமாகிவிட்டது.

மறுநாள் காலை டீ முடிந்ததும் கேன்டீன் அக்கா என் ஜன்னலுக்கு வந்து, தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அதுவரை எந்தச் சுற்றுலாவுக்கும் வந்தவரில்லை. மதியம் வந்து அடித்துவிடச் சொன்னார். இரண்டு நாள் கழித்து எழுதச் சொன்னார். சாயங்காலமே அடிக்கச் சொன்னார். பட்டியலை சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டிய நாளில் மறுபடி வந்து நின்றபோது நான் பேனாவை எடுக்கவில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மலைதான் பாப்பா நான் பொறந்த ஊரு. வந்து ரெண்டு பூவு ஆச்சு" என்றார்.

அன்று மதியம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் கேட்ட கதை இதுதான். அவருடைய அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். பத்தொன்பது வயதில், தேயிலைப் பெட்டி ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவரோடு மலையிறங்கி வந்துவிட்டார். அந்த வருடம் குறிஞ்சி பூத்திருந்தது. மகளைத் தலைமுழுகிவிட்டேன் என்று அப்பா சொன்னதாக ஆள் மூலம் தகவல் வந்தது. கணவர் நல்லவர், குடிக்காதவர். அடுத்த தடவை பூக்கும்போது கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். பூத்தது. அந்த வருடம் அவருக்கு வடக்கே லோடு அமைந்துவிட்டது, போக முடியவில்லை. போயிருந்தாலும் அப்பா வாசலில் ஏற்றியிருக்க மாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டார் அக்கா. கடிதமும் போட்டதில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அப்பா கிழித்துப் போட்டுவிடுவார், எதற்கு என்று விட்டுவிட்டார். இப்போது மூன்றாவது தடவை பூத்திருக்கிறது.

நான் அவர் பெயரை மார்ஜினில் எழுதினேன். கூட வருவேன், நான் இருக்கிறேன் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் என் வீட்டிலும் அப்படி ஒருத்தி போயிருந்தாள். என் தங்கை. நான்கு வருடத்துக்கு முன்னால், ரயில்வேயில் பிட்டராக இருந்த ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு அரக்கோணம் போய்விட்டாள். அப்போது எனக்குக் கிட்டத்தட்ட முடிவாகியிருந்த சம்பந்தம் அதோடு நின்றுபோனது. அப்பா அவள் பெயரை எடுக்கக் கூடாது என்றார். அம்மா அடங்கிப்போனாள். எனக்கோ அப்பாவைவிடக் கோபம் அதிகம். வீட்டுக்கு வந்த அவள் கடிதங்கள் இரண்டும் அடுப்பில் போயின. மூன்றாவதைத் தொழிற்சாலை முகவரிக்கு எனக்கு எழுதியிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மாவிடம் மட்டுமாவது சொல் என்று. படித்துவிட்டு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பதில் எழுதவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் அக்காவிடம் அன்று நான் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் வேனில் கிளம்பி மறுநாள் விடிந்தபோது போடிநாயக்கனூரைத் தாண்டியிருந்தோம். அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்தவர்களெல்லாம் வேன் மேலே ஏற ஏற ஜன்னலோரம் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் கீழே விட்டு வந்த சமவெளி இன்னும் சின்னதாகிக்கொண்டே போனது. வயல்கள் கட்டம் போட்ட துண்டு மாதிரி ஆகி, பிறகு புகையில் மறைந்தன. எனக்குக் காது அடைத்தது. கேன்டீன் அக்கா ஜன்னல் கண்ணாடியை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் நடுங்கினார், மூடவிடவில்லை. ஏலக்காய்த் தோட்டங்களைக் கடந்து, முதல் தேயிலைச் சரிவு வந்தபோது நான் ஒன்றைக் கவனித்தேன். அக்காவின் பேச்சு மாறியிருந்தது. எங்களோடு இருக்கும்போது "இன்னா", "கீது" என்று எங்களைப் போலவே பேசுபவர், "அங்ஙன பாரு பாப்பா, கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்காளுவ" என்றார். சொன்னது அவருக்கே தெரியவில்லை. கூடையை நெற்றியில் மாட்டி, செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் படுதா கட்டி, பெண்கள் வரிசையாகச் சரிவில் நின்றிருந்தார்கள். விடியுமுன் ஊதுகிற கொம்புச் சத்தத்தையும், ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்து நிற்பதையும் பற்றி அவர் பேசிக்கொண்டே வந்தார். வேனில் பின்சீட்டில் கேலி பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒவ்வொருவராக எழுந்து வந்து கேட்டார்கள்.

பூங்கா வாசலில் வேனை நிறுத்திவிட்டு நடந்தோம். எங்களோடு காவலர் ஒருவரை அனுப்பினார்கள். முதுவர் இனத்தைச் சேர்ந்தவர், தலையில் துணி முண்டாசு, தோளில் கம்பளி. பேச்சு தமிழ்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நாங்கள் இரண்டாவது தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டோம். அவருடைய முன்னோர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்களாம், தெய்வத்தையும் பிள்ளைகளையும் முதுகில் கட்டிச் சுமந்து வந்ததால் அந்தப் பெயராம். சொல்லிவைத்தது போல எதிரே வந்த அவர்கள் பெண்ணொருத்தி சேலை முடிச்சில் குழந்தையை முதுகில் கட்டியிருந்தாள். குழந்தை எங்களைத் தலை திருப்பித் திருப்பிப் பார்த்தபடி போனது. சோலைக்காட்டின் ஓரமாகப் போனபோது அட்டை ஏறும் என்று காவலர் எல்லோரையும் காலில் மூக்குப்பொடி தேய்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்குள் சூப்பர்வைசரின் பேண்ட்டுக்குள் இரண்டு ஏறிவிட்டன. தொழிற்சாலையில் நாங்கள் பயப்படுகிற மனிதர் ஒற்றைக்காலில் குதித்ததை அப்புறம் பல வருடம் பேசிச் சிரித்திருக்கிறோம்.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கியது. அந்த இடத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஒரு பக்கம் யானை மத்தகம் போல வெறும் பாறையாக எழுந்து நிற்கும் சிகரம், அதன் நெற்றியிலிருந்து நூல் நூலாக இறங்கும் தண்ணீர். மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலை. மற்ற இடமெல்லாம் புல். அந்தப் புல்லை மூடிக்கொண்டு, இடுப்பளவு உயரச் செடிகளில், மணி மணியாக நீலப்பூ. பக்கத்தில் பார்த்தால் ஊதா, தள்ளி நின்றால் நீலம், மேகம் மேலே நகர்ந்தால் சாம்பல். இரைச்சலாக வந்த எங்கள் கூட்டம் தானாகவே பேச்சை நிறுத்திவிட்டது. தேனீக்களின் சத்தம் மட்டும் கேட்டது. வரையாடுகள் ஒரு கூட்டமாகப் பாறைமேல் நின்று எங்களைப் பார்த்தன. பயப்படவில்லை. கிழக்கடா ஒன்றின் முதுகில் வெள்ளை பூசியது போல ஒரு திட்டு. எங்கள் ஊர் ஆடுகள் ஏரிக்கரையில் ஏறுவதற்கே யோசிக்கும். இங்கே குட்டி ஒன்று செங்குத்துப் பாறையில் ஓடி இறங்கி, தாயின் வயிற்றடியில் போய் நின்றது.

யாரோ ஒரு கொத்துப் பூவைப் பறிக்கப் போனார். காவலர் கையைப் பிடித்துத் தடுத்தார். கோபமாக இல்லை. இந்தச் செடி பூத்ததும் செத்துப்போகும், இனி விதை விழுந்து முளைத்துத்தான் அடுத்தது, அதனால் நாங்கள் தொடுவதில்லை என்றார். அவர்களில் வயதானவர்கள் தங்கள் வயதை இந்தப் பூவை வைத்துத்தான் சொல்வார்களாம். அவருக்கு என்ன வயது என்று கேட்டோம். நான்கு பூ பார்த்திருப்பதாகச் சொன்னார். பிறகு கேன்டீன் அக்காவைப் பார்த்து, நீ எந்தத் தோட்டம் என்று கேட்டார். நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை. காலில் ஏறிய அட்டையை அக்கா பிய்த்து எறியாமல் பொடி போட்டு உதிர்த்ததைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அக்கா சொன்னார். அவர் கையை நீட்டிக் கீழே, இரண்டு மடிப்புக்கு அப்பால், தகரக் கூரைகள் வரிசையாகத் தெரிகிற இடத்தைக் காட்டினார். குறுக்குப் பாதையில் இறங்கினால் ஒரு மணி நேரம் என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நாங்கள் சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் மேகம் வந்து மூடியது. கையை நீட்டினால் விரல் தெரியாத வெள்ளை. நான் நின்றுவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இருபத்து நான்கு வருடம் கழித்து, அந்த வெள்ளைக்குள் ஒரு இடத்திலும் நிற்காமல் நடந்தார். இங்கே கல், இங்கே பள்ளம், குனி என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேகம் விலகியபோது நாங்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தோம்.

லயம் என்று அங்கே சொல்வார்கள், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறேழு வீடுகள். அக்கா மூன்றாவது வாசலில் நின்றார். உள்ளேயிருந்து வந்தவருக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். தேயிலைத் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், கையில் சட்டைப் பித்தான். அக்காவின் தம்பி. அக்கா போனபோது அவருக்கு எட்டு வயது. யார் வேணும் என்று கேட்டார். அக்கா தன் பெயரைச் சொன்னார். அவர் பித்தான் போடுவதைப் பாதியில் நிறுத்தினார். பிறகு நகர்ந்து வழிவிட்டார்.

உள்ளே சுவரில் மாலை போட்ட படங்கள் இரண்டு. ஒன்றை அக்கா எதிர்பார்த்திருந்தார். அப்பா பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், போன பூவின்போது இறந்திருந்தார். இரண்டாவது படத்தில் மாலை இன்னும் நிறம் மங்கவில்லை. அம்மா போன வருட மழைக்காலத்தில் இறந்திருந்தார்.

தம்பியின் மனைவி பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை. தம்பிதான் பேசினார், எங்களைப் பார்க்காமல், தரையைப் பார்த்து. வீம்பெல்லாம் அப்பாவுக்குத்தானாம். அவர் இறந்த பதினாறாம் நாள் முடிந்ததுமே அம்மா மகளைத் தேட ஆரம்பித்துவிட்டார். காஞ்சிபுரம் பக்கம் என்பதைத் தவிர ஒரு விவரமும் அவருக்குத் தெரியாது. தேயிலை ஏற்ற வருகிற ஒவ்வொரு லாரி டிரைவரிடமும் போய், நீ காஞ்சிபுரம் பக்கமா என்று கேட்பாராம். அவனவன் சிரித்துவிட்டுப் போவானாம். ஒரு தடவை கொழுந்துக் கூடையோடு அப்படியே லாரி ஏறி போடி வரைக்கும் போய், ஷெட்டு ஷெட்டாக விசாரித்துவிட்டுத் திரும்பினாராம். பத்து வருடத்துக்கு மேல் இப்படி.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவர் முதல் தடவையாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்லக்கா" என்றார். குரலில் சண்டை இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அக்கா அங்கே அழவில்லை. அம்மா கடைசியாகக் கொழுந்து எடுத்த இடத்தைக் காட்டச் சொன்னார். தம்பி வேலைக்குப் போகாமல் எங்களைக் கூட்டிப்போனார். சரிவில் ஒரு வரிசை. மற்ற வரிசைகளைப் போலத்தான் இருந்தது. அக்கா அதன் நடுவில் போய் நின்று, கை தானாகப் போனது போல, இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். முந்தானை நிறையும் வரை எடுத்தார். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்து வரிசையில் நின்று அவரும் எடுக்க ஆரம்பித்தார். நான் பாதையில் உட்கார்ந்திருந்தேன். என் மேஜை டிராயர் ஞாபகத்துக்கு வந்தது. அதன் பூட்டு, சாவி, உள்ளே கிடக்கும் நீல இன்லண்ட் லெட்டர்.

வேன் நின்ற இடத்துக்குத் தம்பியே கொண்டுவந்து விட்டார். பூத்த மலையிலிருந்து முதுவர்கள் எடுத்த தேன் ஒரு பாட்டில், கொஞ்சம் தேயிலைத் தூள், அவர் மகளின் படம் ஒன்று எல்லாம் அக்காவின் மடியில். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி, தம்பி முகவரி எழுதிக் கேட்டார். என் பேனாவால் வாலாஜாபாத் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

மலையிறங்கும்போது அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து என் கதையைச் சொன்னேன். தங்கையைப் பற்றி, நின்றுபோன சம்பந்தத்தைப் பற்றி, பூட்டி வைத்த கடிதத்தைப் பற்றி. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்கா தேயிலைச் சரிவுகள் முடிந்த பிறகுதான் பேசினார். அவர் பேச்சு மறுபடி எங்கள் ஊர்ப் பேச்சாக ஆகியிருந்தது.

"எங்க அம்மாளுக்கு விலாசம் இல்ல பாப்பா. உன் கையில கீது. நீ இன்னாத்துக்கு பயந்துகினு கீற?"

பயம் இருந்தது. அந்தக் கடிதம் எனக்கு வந்தது தெரிந்தால் அப்பா என்னை வேலைக்கு அனுப்புவதை நிறுத்திவிடுவார். கோபத்தையும் நான் இன்னும் விட்டிருக்கவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை டிராயரைத் திறந்து கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பா கழனியிலிருந்து வந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா எதிரில் நின்றிருந்தாள். மலைக்குப் போன கதையைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, பூவையும் ஆட்டையும் சொல்லி, அப்புறம் ஒரு அம்மா லாரி லாரியாகப் போய் மகளைக் கேட்டதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, நிறுத்தாமல், கடிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்ற இடத்தில் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கூழைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் பஸ்ஸுக்குப் போனபோது, நிறுத்தத்தில் அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். வேலையை விடச் சொல்லப் போகிறார் என்று நினைத்து நடையைக் குறைத்தேன். பக்கத்தில் போனதும், சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அரக்கோணத்துக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

சொன்னேன். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி மாற வேண்டும் என்றேன்.

"உங்கம்மா மூணு நாளா சாப்புடல. இட்டுகினு போறேன். நீ வேலைக்கிப் போ" என்றார்.

அங்கே நடந்ததைத் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா உள்ளே ஓடிவிட்டாளாம். அப்பா ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நின்றாராம். பையில் வேர்க்கடலையும் ஒரு பூசணிக்காயும். தண்ணி குடும்மா என்றாராம். அவள் அழுதுகொண்டே கொண்டுவந்த சொம்புத் தண்ணீர் முழுவதையும் நின்றபடியே குடித்துவிட்டு, சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றினாராம்.

அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள். பேத்தியைத் தூக்கினாள், அடுத்துப் பிறந்த பேரனையும் தூக்கினாள். அப்பா கடைசிக் காலத்தில் மருமகனோடு உட்கார்ந்து ரேடியோ கேட்டார். எனக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை பார்த்ததே தங்கை வீட்டுக்காரர்தான், அவரோடு வேலை செய்தவர். யோசித்துப் பார்த்தால் என் வீட்டில் இன்று இருக்கிற எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அந்த ஒரு நாள் நடையிலிருந்து வந்தவர்கள்தான்.

கேன்டீன் அக்காவுக்கும் உறவு திரும்பி வந்தது. தம்பியின் மகள் மலையிறங்கி வந்து, வாலாஜாபாத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்து டீச்சரானாள். பள்ளி நாட்களில் அவளை பஸ் ஏற்றிவிட்டுத்தான் அக்கா வேலைக்கு வருவார், ரிப்பன் சரியாக இல்லை என்று சாலை என்றும் பார்க்காமல் அவிழ்த்துப் பின்னுவார். தொழிற்சாலை மூடிய பிறகு அக்கா வீட்டை அவளிடம் விட்டுவிட்டு மேலே தம்பியோடு போய் இருந்தார். அங்கேயே இறந்துபோனார். அடக்கம் முடிந்துதான் எனக்குத் தந்தி வந்தது.

அப்புறம் ஒரு பூவில் நானும் தங்கையும் போனோம். இப்போது பூங்காவுக்குள் டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, வனத்துறை பஸ்ஸில்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்திலும் எல்லாம் மாறிவிட்டது. வல்லம் வடகாலில் நாற்று நட்ட இடங்களில் ஷிப்ட் பஸ்கள் நிற்கின்றன, அதில் ஒன்றில்தான் தங்கை மகள் வேலைக்குப் போகிறாள். மலையில் அன்று மழை. பூ முழுதாகத் தெரியவில்லை. வரையாடுகள் மட்டும் பாறையில் நனைந்துகொண்டு நின்றன. கிழவராகிவிட்ட தம்பி எங்களை இடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். தேயிலைக்குக் கீழே, ஓடையோரம், கல் கூட இல்லாத ஒரு மேடு, கேன்டீன் அக்காவுடையது. மூன்று பேருமாகச் சேர்ந்து களையைப் பிடுங்கினோம்.

தங்கை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவள் வழக்கப்படி வாய்விட்டு ஜெபித்தாள். எங்களுக்கு இந்த அம்மாளைக் கொடுத்ததற்காக நன்றி என்றாள். அப்பாவைக் கொடுத்ததற்காக நன்றி, அக்காவைத் திருப்பிக் கொடுத்ததற்காக நன்றி என்றாள். அவள் அக்கா என்றது என்னை. நான் தினமும் விளக்கேற்றுகிற வீட்டுப் பெண், ஜெபத்தின் முடிவில் அவர்கள் சொல்கிற அந்த வார்த்தையை அதுவரை என் வாயால் சொன்னதில்லை. அவள் முடித்ததும் ஆமென் என்றேன்.